சித்தி லைலா மாப்புக் கேட்கப் போனது

சித்தி லைலாவுக்கு நஸீறாவின் விரல்களைக் கண்டால் குமட்டும். இன்று நேற்று வந்த குமட்டல் அல்ல, ஒன்பது வருடத்துக் குமட்டல். இதை அவள் புருஷனிடம் சொன்னதில்லை, மகனிடம் சொன்னதில்லை, தொழுதுவிட்டுக் கையேந்தும்போது அல்லாஹ்விடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

கல்முனைக் கடைத்தெருவில் இப்றாஹிம் ஹாஜியாரின் பேக்கரிக்குப் பின்னால் சோட்டீட்ஸ் போடுகிற குசினி இருக்கிறது. ரோல்ஸ், கட்லட், சமோசா எல்லாம் அங்கிருந்துதான் கண்ணாடிப் பெட்டிக்குப் போகும். றுக்ஸானா தாச்சியில் மாவை ஊற்றி மெல்லிய தட்டையாகச் சுட்டெடுப்பாள். நஸீறா அதில் மீனும் கிழங்கும் பிசைந்த கறியை வைப்பாள். சித்தி லைலா மடிப்பாள்; சித்தி என்பது அவள் பெயரில்தான், உறவில் அல்ல. ஒருத்தியின் கை தாமதித்தால் மற்ற இருவரின் கையும் சும்மா நிற்கும். அதனால் மூன்று பேரும் ஒன்பது வருடத்தில் ஒரே ஆளைப்போல ஆகிவிட்டார்கள். ஹாஜியாருக்கு இதில் தாங்க முடியாத பெருமை. வருகிற போகிறவர்களை எல்லாம் குசினி வாசலுக்குக் கூட்டிவந்து, “பாருங்க, மூணு பேரும் கூடப்பிறந்த மாதிரி” என்று காட்டுவார். காட்டிவிட்டு அவர் போய்விடுவார். பத்து மணிக்கு அவர் அங்கே இருந்ததே இல்லை.

பத்து மணிக்கு முதல் பொரியல் இறங்கும். ஒருத்தி சோறு கொண்டுவந்திருப்பாள், ஒருத்தி மீன் ஆணம், ஒருத்தி சம்பலோ சுண்டலோ. எல்லாவற்றையும் ஒரு பெரிய சஹனில் கொட்டிச் சுற்றி உட்காருவார்கள். கல்யாணத்திலும் இறந்தவர்களுக்கு ஓதுகிற கத்தத்திலும் ஆறு பேர் சுற்றியிருந்து உண்கிற சஹன்தான் அது. ஒரு தட்டில் கைவைத்தால் மனசு ஒட்டும் என்பது ஊர் நம்பிக்கை.

மனசு ஒட்டட்டும். ஆனால் நஸீறா ஒரு கவளம் தின்றதும் ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாக உறிஞ்சுவாளே, அதை என்ன செய்வது? கடைசியில் பெருவிரலைச் சப்பென்று உறிஞ்சிவிட்டு, அதே கையைச் சஹனின் நடுவில் விட்டுக் குழைப்பாள். “விரல் சூப்புற சுன்னத்துடி” என்பாள். சுன்னத்துத்தான், நபி காட்டிய வழக்கம்தான், யார் இல்லையென்றது? தின்று முடித்த பிறகு. றுக்ஸானா இன்னொரு ரகம். சூரை மீனின் முள்ளை வாயிலிருந்து எடுத்துச் சஹனின் ஓரத்திலேயே வரிசையாக வைப்பாள். கதைக்கும்போது வாயிலிருந்து சோறு தெறிக்கும். அதிலும் யாருடைய மருமகள் யாருடன் கோபித்துக்கொண்டு போனாள் என்று கதைக்கும்போது கூடுதலாகத் தெறிக்கும். வேலை மேசையில் இரண்டு பேரும் சவர்க்காரம் போட்டுக் கை தேய்க்கிற சுத்தக்காரிகள்தான். சாப்பிட உட்கார்ந்தால் மட்டும் இப்படி.

சித்தி லைலா தன் பக்கத்துச் சோற்றில் ஒரு சின்ன வரம்பு கட்டிக்கொள்வாள். வயலுக்குக் கட்டுவதுபோலத்தான், அடுத்தவன் தண்ணீர் இந்தப் பக்கம் வராமல். அவசரமாக, மெல்லாமல் விழுங்குவாள். சரியாக அந்த நேரம் பார்த்து நஸீறா மீனின் நடுத்துண்டை முள் நீக்கி, அந்த எச்சில் விரல்களாலேயே எடுத்து, வரம்பைத் தாண்டி இந்தப் பக்கம் வைப்பாள்.

“இந்தா லைலா, இது ஒனக்கு.”

பாசம்தான், வேறென்ன. அந்தப் பாசத்தைச் சித்தி லைலா பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே இறக்குவாள். இறக்கிய கையோடு பிளேன்டீயைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவாள்.

ஏன் சகித்தாள் என்று கேட்கலாம். அவளுடைய புருஷன் மௌத்தாகி, நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியேறாமல் அவள் இத்தா இருந்தபோது, ஹாஜியார் வேறு ஆள் பார்க்கத் தொடங்கினார். நஸீறாதான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். “அவட வேலய நான் செய்றன். அவட இடத்துக்கு ஒருத்தரும் வேணாம்” என்றாள். நாலு மாதமும் பத்து நாளும் கறியும் வைத்து மடிக்கவும் செய்தாள். அப்படிப்பட்டவளுடைய விரலை அருவருப்பது நன்றிகெட்டதனம் என்று சித்தி லைலாவுக்குத் தெரியும். தெரிந்தும் குமட்டல் நிற்கவில்லை. அது தனக்குள்ளே இருக்கிற அழுக்கு என்று நினைத்து மூடிவைத்தாள்.

போன வருடம் நோன்புக்கு இரண்டு மாதம் முந்தி சஹ்லா வந்து சேர்ந்தாள். சம்மாந்துறைக்காரி, முப்பது வயதிருக்கும். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான், உம்மாவோடு இருந்தாள். நோன்பு காலத்தில் சமோசா தேவை கூடும் என்பதால் ஹாஜியார் நாலாவது கையாக அவளை எடுத்தார். அவளுடைய கையைப் பார்த்த முதல் நாளே சித்தி லைலாவுக்குப் புரிந்துவிட்டது, இவள் தன்னைவிட நல்ல வேலைக்காரி. அவள் மடித்த சமோசாவின் மூலை எண்ணெயில் வாய் திறக்காது. கதையும் குறைவு.

முதல் நாள் பத்து மணிக்கு நஸீறா கூப்பிட்டாள். “வா புள்ள, கைய வை.”

“நீங்க தின்னுங்க ராத்தா. நான் கொண்டுவந்திரிக்கன்” என்று சொல்லிவிட்டுச் சஹ்லா மா மூட்டையின்மேல் உட்கார்ந்து, தன்னுடைய சின்னப் பெட்டியைத் திறந்து, தன்னுடைய சோற்றைத் தன்னுடைய கையால் தின்றாள்.

இரண்டாம் நாளும் அப்படி. மூன்றாம் நாள் நஸீறா கேட்டேவிட்டாள். “எங்கட கை ஒனக்கு அருவருப்பா?”

“எனக்கு அப்பிடிப் பழக்கமில்ல ராத்தா.”

“பழகன் மறுகா. நாங்க மட்டும் என்ன, சஹனோடயா பொறந்த?”

சஹ்லா பழகவில்லை. அன்றிலிருந்து தொடங்கியது அந்தக் கேவலம். வேறு பெயர் அதற்குக் கிடையாது. அவள் உள்ளே வந்தால் கதை நிற்கும். வெங்காயம் முழுக்க அவள் தலையில். எண்ணெயில் எந்த ரோல்ஸ் வெடித்தாலும் அது அவள் தொட்டது. ஹாஜியாரின் மகன் கல்யாணத்துக்குக் குசினிக்காரிகள் ஒரே நிறத்தில் ஷோல் எடுத்தபோது மூன்று ஷோல்தான் எடுத்தார்கள். றுக்ஸானா அவளைப் போலவே மா மூட்டையில் உட்கார்ந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு தின்று காட்டுவாள், நஸீறா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். சித்தி லைலா சிரிக்கவில்லை, அது உண்மை. பிளேன்டீ ஊற்றுவது அவள் பொறுப்பு. அவள் மூன்று கோப்பை ஊற்றினாள். நாலு பேர் இருந்த குசினியில் ஒவ்வொரு நாளும் மூன்று கோப்பை.

அவளுக்குள் என்ன இருந்தது என்பதை அவள் அப்போது பார்க்கவில்லை, பார்க்க விரும்பவும் இல்லை. மா மூட்டையின்மேல் சஹ்லா ஆறுதலாக மென்று தின்பதைக் கண்டால் சித்தி லைலாவுக்கு வயிறு எரியும். நான் எட்டு வருடம் கண்ணை மூடி விழுங்கினேன், இவள் ஒரு கவளமாவது விழுங்கக் கூடாதா? நான் விழுங்கித்தானே இந்த இடத்தில் இருக்கிறேன்? இவளுக்கு மட்டும் என்ன சும்மா கிடைக்கிறது? பொறாமை என்றால் அது இவ்வளவு அசிங்கமாகத்தான் இருக்கும்.

நோன்புக்கு ஒரு கிழமை இருக்கும்போது ஹாஜியார் சித்தி லைலாவைத் தனியாகக் கூப்பிட்டார். “சஹ்லாவ நிரந்தரமாப் போடுவம் எண்டு பாக்கிறன். மூத்த ஆள் நீங்க. என்ன சொல்றீங்க?”

“வேல நல்லம் ஹாஜியார்” என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “ஆனா எங்களோட செட்டாக மாட்டா. ஒட்டமாட்டாத ஆள்.”

ஹாஜியார் தலையை ஆட்டினார். சேர்ந்து செய்கிற வேலைக்குக் கை மட்டும் போதாது, மனசும் ஒத்துப்போக வேணும் என்று கொஞ்ச நேரம் பேசினார். அது அவருக்குப் பிடித்த பேச்சு. மறுநாள் சஹ்லா வரவில்லை. நஸீறா அன்று மீனின் இரண்டு நடுத்துண்டுகளையும் சித்தி லைலாவின் பக்கம் வைத்தாள். சித்தி லைலா தின்றாள்.

இந்த வருடம் கட்டாரில் இருக்கிற மகன் ஸஹீத் உம்மாவை மக்காவுக்கு, உம்றாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தான். ஊர் வழக்கப்படி பயணம் போகிறவர், செய்த பிழைகளைப் பொறுக்கும்படி எல்லாரிடமும் மாப்புக் கேட்க வேணும். முந்தியெல்லாம் வீடு வீடாகப் போய்க் கேட்பார்கள். இப்போது வட்ஸ்அப் இருக்கிறதே! சித்தி லைலா ஒரு குரல் பதிவு போட்டாள். “தெரிஞ்சோ தெரியாமலோ நான் ஆருக்கும் ஏதும் குறை செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காக மாப்புச் செய்ங்க.” எல்லாருக்கும் ஒரே குரல், ஒரே அழுத்தில். அரை மணித்தியாலத்தில் அழுகிற முகமும் கையேந்துகிற படமுமாக நிறைந்து வழிந்தது. நஸீறா பேக்கரியிலேயே கட்டிப்பிடித்து அழுதாள். ஒன்பது வருடத்தில் ஒருநாளும் மனம் நோகாதவர்கள் மாறி மாறி மாப்புச் செய்துகொண்டார்கள். நோகடிக்கப்பட்டவளின் பெயருக்கு நேரே மட்டும் இரண்டு நீலக் கோடுகள். கேட்டுவிட்டாள், பதில் போடவில்லை.

உம்றா வகுப்பில் பதியுதீன் மௌலவி இதைப் பற்றியே பேசினார். மனிதருக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதர்தான் மன்னிக்க வேணும், கஃபாவைப் பிடித்துக்கொண்டு அழுதாலும் அது கழியாது என்றார். “தெரிந்தோ தெரியாமலோ” என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லித் தப்பிப்பவர்களைப் பற்றிச் சொன்னபோது பெண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. சித்தி லைலாவுக்குத் தன் குரல் பதிவே காதில் கேட்டது. சீ என்றிருந்தது. இந்த ஒரு மாப்பு கிடைக்காமல் விமானம் ஏறினால் போவது பயணமே தவிர உம்றா இல்லை என்று அவள் மனதில் ஊன்றிவிட்டது. வியாழக்கிழமை பயணம். செவ்வாய் வேலை முடிந்ததும் சம்மாந்துறைக்குப் போவதென்று முடிவுசெய்தாள்.

தனியாகப் போயிருக்க வேணும். ஆனால் வாய் தவறி நஸீறாவிடம் சொல்லிவிட்டாள். சொன்னால் விடுவாளா?

“நீ தனியாவா போற? நாங்க எதுக்கு இரிக்கிற? நாங்களும் மாப்புக் கேட்டிட்டாப் போச்சு.”

றுக்ஸானாவின் தம்பியின் ஓட்டோ வந்தது. பிழை செய்தபோது கூட்டமாகச் செய்தவர்கள் மாப்புக் கேட்கவும் கூட்டமாகவே போனார்கள். வழியில் கச்சான் கடலை வாங்கிக் கொறித்தார்கள், ஓட்டோவுக்குள் கோதை உதிர்த்தார்கள். மருமகள் கதை ஒன்று முடியாமல் நீண்டது. சித்தி லைலா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நெல் ஏற்றிய உழவு இயந்திரங்கள் பாதையை அடைத்துக்கொண்டு போயின.

சஹ்லாவின் வீடு அரிசி ஆலை ஒன்றுக்குப் பின்னால் இருந்தது. அவள் அப்போதுதான் ஆலையில் வேலை முடிந்து வந்திருந்தாள். தலைச்சீலையிலும் இமையிலும் தவிட்டுத் தூசி. அவர்களைக் கண்டு ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கதிரைகளைத் துடைத்துப் போட்டாள். பேசுவதற்கு முன்னால் இருமினாள், நெஞ்சுக்குள்ளிருந்து வருகிற காய்ந்த இருமல்.

“என்ன புள்ள இருமல்?” என்றாள் நஸீறா, நேற்றுவரை கூடியிருந்தவள் மாதிரி.

“தூசி ராத்தா. போன நோன்பில இருந்து இப்பிடித்தான்.”

சித்தி லைலா வரும்வழியில் மனதில் கட்டிவைத்திருந்த பேச்சு அந்த இருமலில் கலைந்துவிட்டது. வாய்க்கு வந்தது பழைய பல்லவிதான். “சஹ்லா, நான் வியாழக்கிழமை உம்றாப் பயணம். தெரிஞ்சோ தெரியாமலோ…”

“தெரியாமச் செஞ்சத விடுங்க ராத்தா” என்றாள் சஹ்லா. குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. “தெரிஞ்சு செஞ்சது என்னண்டு சொல்லுங்க. பேர் சொல்லாத ஒண்டுக்கு நான் எப்பிடி மாப்புச் செய்ற?”

“ஹாஜியார் என்னட்டத்தான் கேட்டார். நான்தான் நீ எங்களோட செட்டாக மாட்டா எண்டு சொன்ன.”

நஸீறா குறுக்கே விழுந்தாள். “அதில என்ன பொய் இரிக்கி? எங்கட சஹன்ல நீ ஒருநாளும் கைவைக்கல்லதானே புள்ள. அருவருப்புப் பட்டாய்தானே?”

“ஓம் ராத்தா, அருவருப்புத்தான். எனக்குச் சின்னதில இருந்தே அப்பிடி. என்ட உம்மாட கோப்பயிலயும் நான் தண்ணி குடிக்க மாட்டன். அது என்ட குறை. நான் ஒங்கள ஒண்டும் சொல்லல்லயே, ஒரு மூலையில இருந்து திண்டன். அவ்வளவுதானே.” அவள் சித்தி லைலாவின் பக்கம் திரும்பினாள். “இவங்களுக்குக் கோவம் வந்த, அது எனக்கு விளங்கும். நீங்க என்னத்துக்குச் சொன்னீங்க? ஒங்களுக்கு எப்பவும் என்னோட கோவம் இல்ல. நான் பாத்த. ஒரு வருஷமா அதத்தான் யோசிக்கன்.”

இதில் ஒரு வசதியான பொய் இருந்தது. நஸீறா மனம் நோவாள் என்பதற்காகத்தான் ஹாஜியாரிடம் அப்படிச் சொன்னேன் என்றால் போதும். நஸீறா உச்சி குளிர்வாள், சஹ்லாவும் நம்பிவிடுவாள், ஓட்டோ கச்சான் கோதோடு கல்முனைக்குத் திரும்பும். பொய்யை வாங்கிக்கொண்டு கொடுக்கிற மாப்பு எந்தக் கணக்கில் சேரும்? நாக்கின் நுனியில் வந்து நின்ற அந்தப் பொய்யை நினைத்துச் சித்தி லைலாவுக்குத் தன்மேலேயே குமட்டியது. நஸீறாவின் விரல்களைக் கண்டு ஒருநாளும் அப்படிக் குமட்டியதில்லை.

“எனக்கும் அருவருப்புத்தான்” என்றாள்.

“என்னது?” என்றாள் நஸீறா.

“இந்தச் சஹன். விரலச் சூப்பிச் சூப்பிக் குழைக்கிற, முள்ள ஓரத்தில வைக்கிற. ஒம்பது வருஷமா எனக்குக் கொமட்டும். சொல்லப் பயம், சொன்னா என்ன ஒதுக்கிப்போடுவீங்க எண்டு. சஹ்லா பயப்படாம மூட்டையில போய் இருந்தாளே, அது எனக்குப் பொறுக்கல்ல. அதுக்குத்தான் சொன்னன். வேற ஒண்டுக்குமில்ல.”

றுக்ஸானா ஒரு சிரிப்புச் சிரிக்கப் பார்த்து, நஸீறாவின் முகத்தைக் கண்டு விழுங்கிக்கொண்டாள்.

சஹ்லா கொஞ்ச நேரம் இருமினாள். பிறகு எழுந்துவந்து சித்தி லைலாவின் இரண்டு கைகளையும் பிடித்தாள். “அல்லாஹ்வுக்காக மாப்புச் செஞ்சிட்டன் ராத்தா. நல்லபடியாப் பெய்த்து வாங்க. எனக்கும் துஆக் கேளுங்க.” அதில் மிச்சம் மீதி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை என்பது அவள் பிடித்த பிடியிலேயே தெரிந்தது. சித்தி லைலாவுக்கு அழுகை வந்தது. இவளை விட்டுவிட்டா நான் மூன்று கோப்பை ஊற்றினேன் என்று நினைத்து அழுதாள்.

நஸீறா தன் வலது கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ அந்தக் கையைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டுவிட்டுப் போனதுபோல.

“இத்தாவில இரிக்கக்குள்ள நீ மூணு நாள் ஒண்டும் தின்னாமக் கிடந்தாய்” என்றாள். “நான் வந்து பிசஞ்சு ஊட்டிவிட்டனே. வாயத் திறந்து வாங்கினாய்தானே. அதும் கொமட்டினதா?”

“அண்டைக்கு இல்ல நஸீறா. அல்லாஹ் அறிய அண்டைக்கு இல்ல.”

உண்மைதான் அது. ஒன்பது வருடத்தில் அந்தக் கை குமட்டாத நாட்கள் அவை மட்டும்தான். ஆனால் இவ்வளவையும் ஒளித்துவைத்தவளின் வாயிலிருந்து அது வந்தபோது நம்புவதற்கு அதில் எதுவும் இருக்கவில்லை. நஸீறா எழுந்தாள். சஹ்லாவிடம், “ஒன்ன நாங்க படுத்தின பாடு பொல்லாத பாடு. மாப்புச் செய் புள்ள” என்றாள். அலங்காரம் இல்லாமல், ஒரே மூச்சில். சஹ்லா தலையாட்டினாள். நஸீறா வெளியே நடந்தாள்.

சித்தி லைலா ஓட்டோ வரைக்கும் பின்னால் ஓடினாள். றுக்ஸானா ஏறிவிட்டாள், தம்பி ஓட்டோவைக் கிளப்பிவிட்டான். நஸீறா பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்து, கையை அபாயாவுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

“நஸீறா, நாளண்டைக்குப் பயணம் கா. இப்பிடி வெச்சிக்கிட்டு நான் எப்பிடிப் போற? மாப்புச் செய்.”

நஸீறா நேரே முன்னால் பார்த்தபடி சொன்னாள்: “அவட மாப்புக்குத்தானே வந்தாய்? கிடைச்சிட்டுது. அதக் கொண்டு போ. நான் செய்ய மாட்டன்.”